குண்டுக்குச் சுற்றிய துணி

முதலில் பொய் சொன்னவன் கரியராமன்தான். தீர்த்தன் அதை எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்துவிட்டான். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது அப்படித்தான் இருந்தது. இப்போது அந்தக் கரியராமன் காப்பி காயப்போடும் சிமெண்டுக் களத்துக்கு அந்தப் பக்கம், தன் வீட்டு வாசலில் போட்ட பெஞ்சின்மேல், நெற்றியில் காசும் கழுத்தில் செண்டுமல்லி மாலையுமாகப் படுத்திருந்தான். தாடை தொங்காமலிருக்க வெள்ளைத் துணியை உச்சந்தலையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வந்ததிலிருந்து தீர்த்தன் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இனி அந்த வாய் திறக்காது. உயிரோடு இருந்தபோது மட்டும் திறந்ததா என்ன. சாமை அறுப்புக்கு வந்தபோது திறந்திருக்கலாம், தீர்த்தனின் பெண்டாட்டி காசியம்மா செத்ததற்குத் துக்கம் கேட்க வந்து பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தபோது திறந்திருக்கலாம், ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டில் தோளிடிக்க உட்கார்ந்து மலையிறங்கினார்களே அன்றைக்குத் திறந்திருக்கலாம். ஆஸ்பத்திரி வருகிறவரை அவன் பேசியதெல்லாம் மிளகு விலை. தீர்த்தன் களத்தின் இந்த ஓரத்தில் கவிழ்த்துப்போட்ட அன்னாசிப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தான். மடியில் குறுக்காக, வாய்வழியே மருந்தும் குண்டும் இறக்கிச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கி. காலடியில் பீங்கான் தட்டு, அதற்குள் இருமல் மிட்டாய் டப்பா, டப்பாவுக்குள் ஈயக் குண்டுகள். எதிரே சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் மூங்கில் நட நாலு பேர் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். நெடுமலையில் ஆண்பிள்ளை செத்தால் அவன் மச்சான் தேங்காய் சுட வேண்டும். மூங்கில் உச்சியில் கட்டிய தேங்காய், ஒரே குண்டு. குண்டுக்குச் சுற்றும் துணி செத்தவன் உடுத்த வேட்டியில் கிழித்ததாக இருக்க வேண்டும். காய் உடைந்தால் இரண்டு பேருக்கும் நடுவே மிச்சம் எதுவுமில்லை என்று அர்த்தம், பிணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போவார்கள். தப்பினால் மச்சான் மனதில் குறை இருக்கிறது. செத்தவன் வீட்டார் எல்லாரும் ஈரத் துணியோடு அவன்முன் வந்து நின்று, என்ன குறை என்று கேட்க வேண்டும். கேட்காமல் தூக்கக் கூடாது. தீர்த்தனுக்குத் தெரிந்து இதுவரை யாரும் தப்பியதில்லை. குறையில்லாத மனிதர்களா அவ்வளவு பேரும், அல்லது கிட்டத்தில் நட்ட மூங்கிலா. முன்னெல்லாம் கிட்டத்தில்தான் நட்டார்கள். இன்றைக்குத் தீர்த்தன் சுடுகிறான் என்பதால் தள்ளி நடுகிறார்கள். மரியாதையாம்.

குண்டை எடுத்துத் தட்டில் உருட்டினான். ஈயக் குண்டெல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், உருட்டினால்தான் அதன் குணம் தெரியும். உள்ளே காற்று அடைபட்ட குண்டு ஒருபக்கமே சாய்ந்து சாய்ந்து வந்து நிற்கும், கள்ளு குடித்தவன் வீட்டுக்கு வருவதுபோல. முழுக் குண்டு எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது, அதுதான் நல்ல குண்டு. பாட்டரி ஈயம் கெட்டி, குழலோடு இசையாது. வலைக்குக் கட்டுகிற ஈயம் மெத்து, நகத்தால் கீறினால் கோடு விழும், அதுதான் வேண்டும். உருக்கும்போது மெழுகு போட்டுக் கசடு எடுக்க வேண்டும், அச்சைச் சூடாக்கிவிட்டு ஊற்ற வேண்டும், ஆறின அச்சில் ஊற்றினால் குண்டின் மேலே தோல் சுருங்கும். இந்த ஊரில் குண்டு அச்சு அவனிடம் ஒன்றுதான் இருந்தது, பாக்குவெட்டிபோலத் திறந்து மூடுகிற இரும்பு அச்சு. அதில்தான் அன்றைக்கும் வார்த்தான். அவனுக்கும் கரியராமனுக்கும் சேர்த்து ஒரே அச்சில், ஒரே அடுப்பில், ஒரே கரண்டி ஈயத்தில். கூடப்பிறந்த தங்கச்சியின் புருசன், சாமைக்காட்டில் பன்றி இறங்கியிருக்கிறது, கேட்டான், கொடுத்தான். கொடுத்திருக்கக் கூடாது. இல்லை, கொடுத்ததில் தப்பில்லை, கொடுக்கும்போது சொல்லித்தானே கொடுத்தான். கரியராமனின் துப்பாக்கி அவன் அப்பன் காலத்தது, குழல் அகலம். தீர்த்தன் குழலுக்கு வார்த்த குண்டு அதில் போட்டால் உரல் குழியில் விழுந்த நெல்லிக்காய்போல ஆடும். "உன் குழலுக்கு இது ஆடும் மச்சான். ரெண்டு மடிப்புத் துணி வெச்சு இறக்கு. எண்ணெ தொட்டுக்க." இதைச் சொன்னது அடுப்படியில். கரியராமன் சிரித்தான். "பன்னிக்கு எதுக்கு மச்சான் துணிமணி. கல்யாணமா பண்ணி வெக்கப் போறோம்." பக்கத்தில் விறகு தள்ளிக்கொண்டிருந்த வரதனும் சிரித்தான். தீர்த்தனின் மகன், மீசை அப்போதுதான் கறுக்கத் தொடங்கியிருந்தது, மாமன் என்ன சொன்னாலும் சிரிப்பான். "மாமா, நீ பன்னிக்கு மோதிரமும் போட்டுரு." அந்தச் சிரிப்பில் துணிப் பேச்சு அடிபட்டுப் போயிற்று. கரியராமன் அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குண்டுகளை வெற்றிலைப் பையில் போட்டுக்கொண்டு போனான். துணி வைத்தானா. வைக்காமல் காகிதத்தைத் திணித்தானா, இலையைத் திணித்தானா. அது அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். துணி பிடிக்காத குண்டு குழலுக்குள்ளேயே இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு கிளம்பும், எந்தச் சுவரைக் கடைசியாக இடித்ததோ அதற்கு எதிர்ப்பக்கம் போகும். பன்றியைப் பார்த்து நீட்டினால் பன்றிக்குப் போகாது. எங்கேயும் போகும்.

எங்கேயும். வரதன் கீழேயிருந்து தகரம் தட்டிக்கொண்டு நாய்களோடு ஏறி வர வேண்டும், பலாமரத்தோடு நின்றுவிட வேண்டும் என்று ஏற்பாடு. தீர்த்தன் கல்வேலியின் ஒரு முனையில், கரியராமன் மறு முனையில். பன்றி நடுவில் வந்தது. நின்று மூக்கைத் தூக்கியது. இரண்டு துப்பாக்கியும் ஒன்றாக வெடித்தன, ஒரே சத்தம்போல, ஒன்றின் வால் இன்னொன்றோடு சேர்ந்துகொண்டதுபோல. கரிமருந்துப் புகை மழைமேகம்போல வேலியை அடைத்துக்கொண்டது. புகைக்குள் நின்றுகொண்டு தீர்த்தன் பன்றியின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தான். பன்றி சத்தம் போடவில்லை. புகை விலகியபோது பன்றி இல்லை. பலாமரத்தைத் தாண்டி மேட்டுப் பக்கம், இருக்கக் கூடாத இடத்தில், சாமைக் கதிர்களுக்கு நடுவே வரதன் உட்கார்ந்திருந்தான். காலில் முள் குத்தி எடுக்க உட்கார்ந்தவன்போலத்தான் இருந்தான். தீர்த்தன் அதட்டக்கூடச் செய்தான், அங்கே எதுக்கடா வந்தே என்று. அதட்டிவிட்டுத்தான் ஓடினான். அந்த அதட்டலை இன்னும் அவனால் விழுங்க முடியவில்லை. "நாயி மேல ஓடிடுச்சுப்பா. அதப் புடிங்க" என்றான் வரதன். அவ்வளவுதான் அவன் பேசியது. நாயைப் பற்றி. குண்டு விலாவில் போய் உள்ளேயே தங்கிவிட்டது. ரோட்டுக்குக் கொண்டு போகிறதற்குள் முடிந்துவிட்டது. ஊர்க்கவுண்டர் பெரியதம்பி வந்து யார் குண்டுப்பா என்று கேட்டபோது தீர்த்தன் மகனுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாதம் இன்னும் சூடாக இருந்தது, சேறு ஒட்டியிருந்தது, அவன் அந்தச் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தான். கேள்வி காதில் விழுந்தது, அது தனக்கான கேள்வி என்று படவில்லை. அப்போது மேலேயிருந்து கரியராமனின் குரல் வந்தது. "நான் மேல ஆகாசத்தப் பாத்துச் சுட்டேன்." இதுதான். இந்த ஒரு வரிதான். பன்றி நடுவில் நிற்கிறது, எவன் மேலே பார்த்துச் சுடுவான், காக்காயையா சுட்டான். அதை யாரும் கேட்கவில்லை. முதலில் பேசியவன் பேச்சுத்தான் நிலைத்தது. மகன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தவன் வாயைத் திறக்காததால் அவன் ஒத்துக்கொண்டதாக ஆயிற்று. கீழே போலீஸ் ஸ்டேஷனுக்குப் பன்றி குத்தியது என்று சொல்லிக்கொள்வதாக ஊரே முடிவு பண்ணியது. பையனைப் பெற்றவன் ஜெயிலுக்கும் போக வேண்டுமா என்று இரக்கப்பட்டார்கள். அந்த இரக்கம் இன்றைக்கும் தீரவில்லை. அவன் வந்தால் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். பாவம், தன் கையாலேயே, என்று அவன் முதுகுக்குப் பின்னால் சொல்வது முதுகில் தெரியும். அடித்திருந்தால் திருப்பி அடித்திருக்கலாம், இரக்கத்தை என்ன செய்வது.

தன் குண்டைத் தேடினான். பன்றி நின்ற இடத்துக்கு நேர் பின்னால் மண்மேடு. தன் குண்டு பன்றிக்குத் தப்பியிருந்தால் அந்த மேட்டில்தான் போய்ப் பதிந்திருக்க வேண்டும். கிடைத்துவிட்டால் போதும், உள்ளங்கையில் வைத்து ஊர் முன்னால் காட்டலாம், இதோ என் குண்டு, அப்படியானால் பிள்ளைக்குள் இருப்பது யாருடையது என்று கேட்கலாம். காரியம் முடிந்த மறுநாளே மண்வெட்டி எடுத்துக்கொண்டு போனான். சல்லடை போட்டுச் சலித்தான். அந்த மேட்டைக் கரைத்தே போட்டான் என்றால் பொய்யில்லை. இப்போது அங்கே மேடு இல்லை, தட்டையாகிவிட்டது, யாரோ மரவள்ளி வைத்திருக்கிறார்கள். கல் கிடைத்தது, சட்டிச் சில்லு கிடைத்தது, யாருடையதோ கொலுசுத் திருகாணி கிடைத்தது. ஈயம் கிடைக்கவில்லை. அந்த வருசத்து மழையும் பொல்லாத மழை. மழை அடித்துக்கொண்டு போயிருக்கும். போயிருக்கும், வேறெங்கே போகும். காசியம்மா ஒரு நாளும் அவனைத் திட்டவில்லை. சோறு போட்டாள், வெந்நீர் வைத்தாள், அவன் சட்டையைத் துவைத்தாள். துப்பாக்கி மாட்டிய சுவர்ப் பக்கம் மட்டும் விளக்குமாறு போகாது, அந்த இடத்தில் தூசி படிந்து கிடக்கும், அவனே துடைத்துக்கொள்வான். கடைசிக் காலத்தில் வயிறு வீங்கிப் படுத்திருந்தபோது ஒரு பகலில், இவன் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கையில், கேட்டாள். "உங்க குண்டா அது?" இத்தனை நாள் வைத்திருந்து கேட்டாள். "இல்ல" என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "சரி" என்றாள். அந்தச் சரியைத்தான் அவன் தட்டில் போட்டு உருட்டி உருட்டிப் பார்க்கிறான். நம்பின சரியா, போதும் விடு என்கிற சரியா, நோயாளி கஞ்சிக்கு வாய் திறக்கச் சொல்கிற வெறும் சரியா. ஒருபக்கமே சாய்ந்து நிற்கவும் மாட்டேனென்கிறது அது. கரியராமன் ஒரே ஒரு தடவை அந்த வீட்டுப்படி ஏறி, அக்கா, அது என் குண்டு, நான் துணி வைக்கவில்லை என்று சொல்லியிருந்தால் அவள் வேறு மாதிரி செத்திருப்பாள். தீர்த்தனும் வேறு மாதிரி இருந்திருப்பான். ஏனென்றால், இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை, அன்றைக்குத் தான் துணி வைத்தோமா என்பது சில நேரம் அவன் கைக்கே மறந்துபோகிறது. அன்றைக்குக் கட்டம் போட்ட லுங்கித் துணி கிழித்தான், எண்ணெய் தொட்டான், குண்டை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினான். கைக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. ஆனால் கை அதை ஆயிரம் தடவை செய்திருக்கிறதே. ஞாபகமிருப்பது அன்றைக்குச் செய்ததா, மற்ற நாளெல்லாம் செய்ததா. துணி வைத்த தன் குண்டு கோணாது. கோணாது. அதற்குத்தானே அப்புறம் ஊரில் மச்சான் இல்லாத பிணத்துக்கெல்லாம் போய்த் தேங்காய் சுட்டான். ஒவ்வொரு காயும் உடைந்தபோது ஊரைத் திரும்பிப் பார்த்தான். பாருங்கள், இந்தக் குண்டா கோணும் என்று. அவர்கள் தேங்காயைத்தான் பார்த்தார்கள்.

வெள்ளச்சி வந்தாள். தங்கச்சிதான், ஆனாலும் அவளைப் பார்க்கும்போதெல்லாம் கரியராமன் பெண்டாட்டி என்றே முதலில் தோன்றுகிறது, அதற்கு அப்புறம்தான் தங்கச்சி. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, குரல் கம்மிவிட்டது. கையில் மடிப்புக் கலையாத வேட்டி. "அண்ணே, இது ஆவுமா பாரு." அவன் விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்தான். வழவழவென்று ஓடியது. "நைலான் கலந்தது. சூட்டுல உருகிக் குழல்ல ஒட்டிக்கும். பழசு இல்லியா."

"இருக்கறதுலயே நல்லதா இருக்கட்டும்னு எடுத்தாந்தேன்."

"நல்லது வேணாம். நூல் துணி வேணும். காட்டுக்குக் கட்டிக்கிட்டுப் போவானே, அது."

அவள் போய் வேறொன்று எடுத்து வந்தாள். துவைத்துத் துவைத்து வெங்காயத் தோலாகிவிட்ட வேட்டி, ஓரத்தில் பலாப் பால் கறை. இதுதான். இதில் இரண்டு மடிப்பு வைத்தால் தன் குழலுக்கு இறுக்கம், ஒரு மடிப்பு வைத்தால் கொஞ்சம் இளக்கம், எண்ணெயைக் குறைத்துத் தேன்மெழுகைக் கூட்டிக்கொண்டால் ஒரு மடிப்பே பிடிக்கும். கரியராமன் ஒருவழியாகக் குண்டுக்குத் துணி கொடுத்தான். வெள்ளச்சி போகாமல் நின்றாள். "நீ கேக்கவே இல்லியேண்ணே."

"எத?"

"கடைசியா என்ன சொன்னாருன்னு. எல்லாரும் கேட்டாங்க, நீ கேக்கல."

தீர்த்தன் துணியில் நூல் பிரிந்த இடத்தைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டான். அவளாகவே சொன்னாள். "உம் பேரச் சொன்னாரு. மச்சான்னு இல்ல, பேரு. தீர்த்தன்னு. நான் குனிஞ்சு காதக் குடுத்தேன். அப்புறம் தண்ணி வேணும்னாரு. குடுத்தேன். அவ்வளவுதான், கண்ணு சொருகிடுச்சு."

"வேற?"

"வேற இல்லண்ணே. எங்கிட்டயும் ஒரு நாளும் எதுவும் சொன்னதில்ல. நான் கேட்டா எந்திரிச்சு வெளிய போயிருவாரு." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நல்லபடியாச் சுட்டுருண்ணே. பிள்ளைங்களயெல்லாம் ஈரத் துணியோட நிக்க வெச்சுறாத." அதைச் சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

பெயர், அப்புறம் தண்ணீர். பெயருக்கும் தண்ணீருக்கும் நடுவில் என்ன இருந்தது. தீர்த்தனைக் கூப்பிடு என்பதா. தீர்த்தனிடம் சொல் என்பதா. நாக்கு வறண்டதால் தண்ணீர் கேட்டானா, சொல்லத்தான் கேட்டானா, தொண்டையை நனைத்துக்கொண்டு சொல்லலாம் என்று. அவள் ஒரு வாய் குறைவாகக் கொடுத்திருந்தால் சொல்லியிருப்பானோ. அல்லது சாகப் போகிறவன் வாய்க்கு வருகிற எத்தனையோ பெயரில் அதுவும் ஒன்றா, நாயின் பெயர்போல, மாட்டின் பெயர்போல. சொல்லியிருந்தாலும் வெள்ளச்சி சொல்வாளா. சொல்வாள், தங்கச்சி. சொல்ல மாட்டாள், கரியராமன் பெண்டாட்டி. இல்லை, அவளுக்குப் பொய் வராது, சின்ன வயதிலிருந்தே வராது, பொய் சொன்னால் காது சிவந்துவிடும். காதைப் பார்த்திருக்க வேண்டும். முடி மறைத்திருந்தது. பக்கத்து வீடுதானே, கூப்பிட்டனுப்பியிருந்தால் இரண்டு வரப்புத் தாண்டி ஓடி வந்திருப்பானே. கரியராமன் சாகிறான் என்று தெரிந்தும் தானாகப் போகாமல் வீட்டில் மிளகு புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார். போயிருந்தால். கடன்பட்டவன்தானே வர வேண்டும். வர வேண்டியவன் படுத்துவிட்டால் இவன் போவதா. போனால் என்ன தேய்ந்துவிடும். வேட்டியைக் கிழித்தான். துணி கிழிகிற சத்தத்துக்குக் களத்தில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாமா, அந்தக் கந்தலயெல்லாம் விடுங்க, இதப் பாருங்க" என்று வந்து குந்தினான் செல்லக்குமார், செத்தவனின் மகன். மொட்டைத் தலையில் ஈரம் காயவில்லை. குடகுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறான். உள்ளங்கையில் நீலநிறத்தில் பிளாஸ்டிக் பொருள் ஒன்று, கீழே கிண்ணம்போல, மேலே நாலாகக் கீறிவிட்ட பூவரசம் மொட்டுப்போல. "எங்க மொதலாளி வெளிநாட்டுலருந்து தருவிச்சது. குண்டு குழலவிடச் சின்னதா இருந்தாலும் பரவால்ல மாமா. இதுக்குள்ள உக்கார வெச்சு இறக்கிட்டா ஆடாது. வாயத் தாண்டுனதும் இது நாலா விரிஞ்சு கீழ விழுந்துரும், குண்டு மட்டும் நேராப் போவும். தீப்பெட்டிய நிறுத்தி வெச்சு அடிக்கறாரு அவரு."

மூங்கிலுக்குக் கல் இறுக்கிக்கொண்டிருந்த சிங்காரம் நிமிர்ந்தான். "உங்க மொதலாளி செத்தா அத வெச்சுச் சுடட்டும். இங்க வேட்டித் துணிதான் வெக்கணும். பிளாஸ்டிக்க வெச்சுச் சுட்டா உங்கப்பன் எந்திரிச்சு வந்து பிள்ளைக்கு எவ்வளவு சம்பளம்னு கேப்பான்." நாலு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். செல்லக்குமாரும் சிரித்துவிட்டான், சிரித்ததும் முகம் கோணி அழுகை வந்துவிட்டது. தீர்த்தன் அந்த நீலக் கிண்ணத்தை வாங்கிப் பார்த்தான். இரண்டு விரலால் அழுத்தினான், மெத்தென்று குவிந்து விரிந்தது. ஒரு குண்டை எடுத்து அதற்குள் வைத்தான். தாய் கையில் பிள்ளைபோல உட்கார்ந்துகொண்டது. அகலக் குழலுக்கென்றே செய்ததுபோல. இவ்வளவுதான். மல்லிகை மொட்டைவிடக் கொஞ்சம் பெரிசு. இது அன்றைக்கு அந்த வெற்றிலைப் பையில் ஒன்று இருந்திருந்தால். ஏன், இதுகூட வேண்டாம், இந்த வேட்டியில் ஒரு முழம், அரை முழம், மூக்குத் துடைக்கிற அளவுக்கு ஒரு துண்டு. வரதனுக்கு இந்நேரம் தலை நரைத்திருக்கும். இந்தப் பையனோடு சேர்ந்து மூங்கில் நட்டிருப்பான், மாமன் செத்ததற்கு அழுதிருப்பான், சிங்காரம் சொன்னதற்குச் சிரித்திருப்பான். "இது என் குழலுக்கு ஆவாதுப்பா, சவ்வாட்டம் ஒட்டிக்கும்" என்று திருப்பிக் கொடுத்தான். "எங்கப்பா இதப் பாத்துட்டு ரொம்ப நேரம் கையிலயே வெச்சிருந்தாரு மாமா. நீங்க சொன்ன மாதிரியேதான் அவரும் திருப்பிக் குடுத்துட்டாரு" என்றான் செல்லக்குமார். எதற்கு வைத்திருந்தான் கையில். எதை நினைத்துக்கொண்டு வைத்திருந்தான். தீர்த்தன் கேட்கவில்லை. பையனுக்கு என்ன தெரியும், அவன் பிறக்கும் முன்னால் நடந்தது.

தேங்காய் ஏறிவிட்டது. மூங்கில் உச்சியில் காற்றில் மெல்ல ஆடியது. குடுமி வைத்த காய், வெயில் பட்டு ஒருபக்கம் வெளுப்பாக, ஒருபக்கம் கறுப்பாக. தீர்த்தனின் கையில் இரண்டு குண்டுகள் மிஞ்சியிருந்தன. ஒன்று முழுக் குண்டு. இன்னொன்று சாய்கிற குண்டு, உள்ளே கடுகளவு காற்று. பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது, அவன் விரலுக்கு மட்டும் தெரியும். இந்தத் தூரத்துக்கு அந்தக் கடுகு போதும், காய்க்குப் பக்கத்தில் சீட்டியடித்துக்கொண்டு போய்விடும். தப்பினால் கேட்டாக வேண்டும். வெள்ளச்சியும் செல்லக்குமாரும் பேரன் பேத்திகளும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து எதிரே நிற்பார்கள், ஊர்க்கவுண்டர் பக்கத்தில் நிற்பார், என்ன குறை என்று கேட்பார்கள். இத்தனை காலத்தில் அவனை யாரும் கேட்காத கேள்வி. அவன் சொல்லலாம். அவன் மேலே பார்த்துச் சுடவில்லை, அவன் குண்டுக்குத் துணி வைக்கவில்லை, என் பெண்டாட்டி அது தெரியாமல் செத்தாள். ஊர் முழுக்கக் கேட்கும். வாயில் எச்சில் ஊறியது அவனுக்கு. ஆனால் குண்டு கோணினவன் வாயிலிருந்து அல்லவா வரும் அது. இப்போதுதான் பார்த்தோமே, துணி சுற்றி, மெழுகு தடவி, உட்கார்ந்து உருட்டிப் பொறுக்கிச் சுட்ட குண்டே கோணிப் போயிற்றே, அன்றைக்கு மட்டும் நேராகவா போயிருக்கும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், அது போதும். பாவம், தன் கையாலேயே. உடைத்துவிட்டால், குண்டு கோணவில்லை. அன்றைக்கும் கோணவில்லை. ஆனால் மிச்சம் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும், யாரும் கேட்க மாட்டார்கள், கரியராமன் மனக்குறை எதுவும் இல்லாத மச்சானால் வழியனுப்பப்பட்டவனாக ஓடையைத் தாண்டிப் போய்விடுவான். தப்பினால் கேட்பார்கள், நம்ப மாட்டார்கள். உடைத்தால் நம்புவார்கள், கேட்க மாட்டார்கள். செத்தும் எப்படிக் கட்டிப் போட்டிருக்கிறான் பார். இரண்டு குண்டையும் கைக்குள் குலுக்கினான். ஈயம் ஈயத்தோடு மோதுகிற மங்கின சத்தம். சாய்கிற குண்டைக் கட்டைவிரலால் தடவினான். இதைப் போட்டுவிட்டுக் காற்று அடித்தது என்றுகூடச் சொல்லலாம். சொல்லலாம், ஊருக்கு. இரவில் படுத்துக்கொண்டு தன்னிடம் என்ன சொல்வது. வேண்டுமென்றே கோணவிட்டதுதான் என்று சொல்லிக்கொண்டாலும், கோணிப் போவதைக் கண் பார்த்துவிடுமே. தன் குழலிலிருந்து தன் குண்டு விலகிப் போவதைக் கண் ஒரு தடவை பார்த்துவிட்டால், அப்புறம் மூடும்போதெல்லாம் அது சாமைக்காட்டுக்குள் அல்லவா போகும், பலாமரத்துக்கு மேலே, நாயைத் தேடிக்கொண்டு நிற்கிற பிள்ளையிடம்.

சாய்கிற குண்டை டப்பாவில் போட்டு மூடினான். மருந்தை அளந்து ஊற்றினான். குழலைத் தட்டி மருந்தைப் படியவிட்டான். வேட்டித் துண்டை மெழுகில் புரட்டிக் குழல்வாயில் விரித்தான், பலாக்கறை இல்லாத இடமாகப் பார்த்து. முழுக் குண்டை நடுவில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினான். இறுக்கமாக, சரியான இறுக்கமாக, இறங்கியது. மிஞ்சிய துணியைக் கத்தியால் அறுத்தான். கம்பியைப் போட்டு ஒரே சீராக இறக்கினான். இடிக்கக் கூடாது, இடித்தால் குண்டு தட்டையாகும். கம்பி அடியில் போய் நின்றபோது கைக்குள் ஒரு நிச்சயம் வந்து உட்கார்ந்தது. இதுதான், இப்படித்தான், அன்றைக்கும் இப்படித்தான் நின்றது. சுத்தியலுக்கு அடியில் வெடிக் கேப்பைச் செருகினான். எழுந்து நின்றபோது முட்டி சத்தம் போட்டது. எல்லாரும் ஒதுங்கினார்கள். அழுகை நின்றது. தோளில் கட்டையைப் பொருத்திக் கன்னத்தை வைத்தான். தேங்காய் ஆடியது, அது ஆடி நடுவுக்கு வருகிற நேரத்தை மூச்சில் பிடித்தான். சொல்லியிருக்கலாமே மச்சான், என்றான் உள்ளுக்குள், அதட்டலாக இல்லாமல், கேட்கிறவனாக. விரல் தானாக அமுங்கியது. வெடித்தது. புகை முன்னால் அடைத்துக்கொண்டது. புகைக்குள் நின்றுகொண்டு காதைக் கொடுத்தான். ஓடு தரையில் விழுகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் தேங்காய்த் தண்ணீர் இலைகள்மேல் சொட்டுகிற சத்தம். தோள் வலித்தது. கண்ணில் புகை எரிந்து நீர் வழிந்தது, புகைக்கு வழிகிற நீரைவிட அது அதிகமாக இருந்தது, அவன் துடைக்கவில்லை.

புகை விலகியது. மூங்கில் உச்சியில் கயிறும் நாரும் மட்டும் தொங்கின. "அவ்வளவுதாம்ப்பா, மிச்சம் ஒண்ணுமில்ல. தூக்குங்க" என்றார் ஊர்க்கவுண்டர் பெரியதம்பி. மேளம் எழுந்தது. சிங்காரம் பக்கத்திலிருந்தவனிடம், "மனுசன் மனசுல ஒரு தூசி வெச்சுக்கல பாத்தியா" என்றான். அதை நல்லதாகத்தான் சொன்னான். வெள்ளச்சி வாசலிலிருந்து அண்ணனைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். தோள்மேல் தூக்கிக்கொண்டு அவன் பக்கமாகத்தான் வந்தார்கள், ஓடைக்கு வழி அதுதான். தீர்த்தன் ஒதுங்காமல் வழியோரத்திலேயே நின்றான். ஊர்க்கவுண்டர் அவனைக் கடந்தார், கடக்கும்போது தோளைத் தட்டினார். செல்லக்குமார் நெருப்புச் சட்டியோடு கடந்தான். சிங்காரம் கடந்தான், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் கடந்தார்கள். ஒவ்வொரு முகமும் கிட்டே வரும்போது தீர்த்தன் உதடு லேசாகப் பிரிந்தது. யாராவது ஒருவர், வழக்கத்துக்காக இல்லாவிட்டாலும், சும்மா, நடந்துகொண்டே, என்னப்பா, ஏதாவது இருக்குதா என்று கேட்டிருக்கலாம். குண்டே பதில் சொல்லிவிட்டபோது மனிதனை எதற்குக் கேட்பார்கள். கடைசி ஆளும் திருப்பத்தில் மறைந்தான். களத்தில் கோழிகள் வந்து தேங்காய்ச் சில்லைக் கொத்த ஆரம்பித்தன.

"இருக்குது" என்றான் தீர்த்தன்.

மேளச் சத்தம் அதற்குள் ஓடையைத் தாண்டியிருந்தது.